தவசி அதிகமாக முடுக்கிய ஐந்து நட்டுகள்

ஆரப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் நல்லவனா கெட்டவனா என்று தெரிந்துகொள்ள யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. அவன் முடுக்கிய போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் போதும். கழன்றுவிட்டால் கெட்டவன். கழலாவிட்டால் நல்லவன். கழற்றப்போனவனுடைய ஸ்பேனர் வளைந்துவிட்டால் அந்த மெக்கானிக் வீட்டில் சம்பந்தமே வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்குப்படி தவசி மிகமிக நல்லவர். செக்கானூரணிக்கு மேற்கே பருத்தியும் சோளமும் போட்டுப் பிழைத்த குடும்பம். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் மதுரைக்கு வந்து, பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். பத்து வருஷம் மற்றவர்களுக்காக முடுக்கிய பிறகு, 1971இல் ஒரு லாட்ஜின் பின்சுவரை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுத் தனியாக முடுக்க ஆரம்பித்தார். ஆள் உயரமில்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே பருமன். "தவசி முடுக்குனா எமன் வந்துதான் கழட்டணும்" என்பது பக்கத்து டீக்கடையில் அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட பாராட்டு. அந்தப் பாராட்டில் எமனுக்கு என்ன வேலை என்று அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

தொழிலில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அதற்கு 'முதலாளி மிதி' என்று பெயர். வேனோ லாரியோ, சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் மெக்கானிக் எவ்வளவு முடுக்கினாலும் கடைசி முடுக்கு அவனுடையதல்ல. ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி நிறுத்துவார்கள். வண்டிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்து நின்று, வலது காலைப் பைப்பின்மேல் வைத்து ஏறி ஒரு மிதி மிதிப்பார். ஒரு நட்டுக்கு ஒரு மிதி. அதன் பிறகுதான் சக்கரம் மாட்டியதாகக் கணக்கு. கல்யாணத்தில் தாய்மாமனைக் கேட்காமல் பெண்ணை மேடைக்கு அழைத்து வந்தால் என்ன ஆகுமோ, அதுதான் முதலாளி மிதிக்காமல் வண்டியை வெளியே விட்டாலும் ஆகும். பகை.

இவ்வளவு இறுக்கத்தில் நடந்துகொண்டிருந்த வாழ்க்கையில் முதல் விரிசல் ஒரு ஸ்கூட்டரால் வந்தது.

பசுபதி என்பவர் கே.கே. நகரில் குடியிருந்து, நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் தலைமை குமாஸ்தாவாக இருந்தார். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்து ஏழு வருஷம் காத்திருந்தார். அந்த ஏழு வருஷத்தில் அவருக்கு இரண்டு பிள்ளைகளும் ஒரு வழுக்கையும் வந்துவிட்டன, ஸ்கூட்டர் கடைசியாக வந்தது. அதற்கு அவர் வீட்டில் தனியாக ஒரு துண்டு இருந்தது. அதில் வேறு யாரும் முகம் துடைக்கக் கூடாது.

1976இல் ஒரு நாள் ஸ்கூட்டர் திக்கித் திக்கி ஓடுகிறதென்று தவசியிடம் வந்தார். பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பிளக்கை ஆறு மாதத்துக்கு முன்பு முடுக்கியவர் தவசி. அது அசையவில்லை. ஸ்பேனரில் பைப் போட்டார். மூச்சைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். கிரீச்சென்று ஒரு சத்தம். பிளக் கையோடு வந்தது. அதன் மரையில், திருகு வரிகளில், வெள்ளிச் சரிகை சுற்றியதுபோல், எஞ்சின் ஹெட்டின் மரையும் சுருள் சுருளாக வந்திருந்தது. பிளக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் வெந்து வெந்து இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுவிட்டன. பிரித்தபோது மெலிந்தது கிழிந்தது.

பசுபதி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தவசிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் குனிந்து அந்தச் சுருளில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏழு வருஷம் தவசி" என்று மட்டும் சொன்னார்.

ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோய்ப் பித்தளைப் புஷ் போட்டு, புது மரை வெட்டி, தவசி தன் செலவில் சரிசெய்து கொடுத்தார். பசுபதி ஒரு மாதம் பேசவில்லை. அதன் பிறகு ஒரு நாள் ஒரு சின்னத் தகர டப்பாவோடு வந்தார். தூத்துக்குடியில் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் மைத்துனர் கொடுத்ததாம். உள்ளே கரேலென்று பென்சில் கரியைக் குழைத்ததுபோல் ஒரு கிரீஸ். டப்பாவோடு ஒரு சீட்டு, இங்கிலீஷில். பசுபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் சுற்றறிக்கை படிக்கிற குரலில் அதைத் தமிழாக்கிச் சொன்னார். சாரம் இரண்டே வாக்கியம். ஒன்று, மரையில் மெல்லிசாகத் தடவினால் எத்தனை சூட்டிலும் பிடித்துக்கொள்ளாது. இரண்டு, தடவிய மரை வழுக்கும், ஆகவே முடுக்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும்.

தவசி இரண்டாவது வாக்கியத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். பசுபதி திரும்பப் படித்தார். இது முக்கியம். தவசிக்கு அந்த வாக்கியம் தெரியாது என்று பின்னாளில் அவருக்காக வாதாடிய வக்கீல் சொல்லப் பார்த்தார். தவசியே அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அதிலிருந்து அவர் கையில் பிளக் முடுக்குவது வேறு வேலையாகிவிட்டது. மரையை பெட்ரோல் துணியால் துடைப்பார். சுண்டுவிரல் நுனியில் அந்தக் கறுப்பு மசியைக் கடுகளவு எடுத்து, பிளக்கின் மூக்கில் படாமல் மரையில் மட்டும் தடவுவார். விரலாலேயே திருகி உட்கார வைத்து, ஸ்பேனரால் கால் திருப்பு. அவ்வளவுதான். தோளையும் மூச்சையும் பார்த்துப் பழகிய வாடிக்கைக்காரர்களுக்கு இது ஏமாற்று வேலையாகப் பட்டது. "என்னண்ணே, கையில சத்து போச்சா" என்று கேட்டார்கள். காசிமாயன் என்ற வேன் டிரைவர் இன்னும் ஒரு படி மேலே போய், டீக்கடையிலிருந்தே கத்துவான்: "போல்ட்டுக்குக் கண்மை தீட்டி மாப்ள வீட்டுக்கு அனுப்புறீகளாண்ணே?" கடை முழுக்கச் சிரிக்கும். காசிமாயனை அவருக்குப் பிடிக்காது என்பதற்கு இது ஒரு காரணம். அவனை அவருக்குப் பிடிக்காது என்பது இந்தக் கதையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு சின்ன விவரம்.

பிளக் வரைக்கும் எல்லாம் சரியாகப் போயிற்று. பசுபதியின் ஸ்கூட்டர் அதன் பிறகு ஒரு நாளும் திக்கவில்லை.

காசிமாயன் ஓட்டிய வேன் நல்லகாமன் என்பவருடையது. விடியற்காலையில் மேற்கே கிராமங்களில் மல்லிகைப் பூவையும் பூக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு மதுரை மார்க்கெட்டுக்கு வரும் வண்டி. 1979 மாசியில் அந்த வேனின் இடது பின்சக்கரம் பஞ்சராகி வழியில் நின்றது. நட்டுகள் துருப்பிடித்துக் கழலவில்லை. இரண்டை உளியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் பூ வாடிவிட்டது. நல்லகாமன் வண்டியைத் தவசியிடம் கொண்டுவந்து, இனிமேல் ரோட்டில் நின்றால் சட்டென்று கழல வேண்டும், ஆனால் ஓடும்போது கழலவே கூடாது என்று உத்தரவு போட்டார். முதலாளிகள் கேட்பது எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

தவசி புதுப் போல்ட்டுகள் ஐந்து மாட்டினார். துரு பிடிக்கக் கூடாதே என்று ஐந்திலும் கறுப்பு மசியைத் தடவினார். நல்ல எண்ணம்தான். சக்கர போல்ட்டுக்கு அதைத் தடவலாமா கூடாதா என்று சீட்டில் இல்லை. தடவினால் குறைத்து முடுக்க வேண்டும் என்பது இருந்தது. அவர் குறைத்துத்தான் முடுக்கினார். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

நல்லகாமன் செருப்பைக் கழற்றினார்.

அந்த இடத்தில் தவசி நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது என்று பிறகு சொன்னார். ஆனால் தன் வண்டியின் மீது கால் வைக்கப்போகும் ஒரு மனிதனை, அதுவும் நாலு பேர் பார்க்க, காலை எடு என்று எப்படிச் சொல்வது? பைப்பை அவரே எடுத்துச் செருகினார். ஸ்பேனரின் தலை நழுவாமல் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டார். நல்லகாமன் ஏறி மிதித்தார். பைப் மெத்தென்று இறங்கியது. "நல்லா எறங்குதுய்யா, இம்புட்டு நாளும் இப்பிடி எறங்குனதில்ல" என்றார் சந்தோஷமாக.

இறங்கியது நட்டு மட்டுமல்ல. உள்ளே போல்ட்டு வெல்லப்பாகு போல் நீள்வது தவசியின் உள்ளங்கைக்குத் தெரிந்தது. முதல் நட்டிலேயே தெரிந்தது. ஐந்துக்கும் பிடித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலை, நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி வருகையில் அந்தச் சக்கரம் வண்டியை விட்டுப் பிரிந்து முன்னால் ஓடியது. வேன் இடது பக்கமாகச் சாய்ந்து வாய்க்காலில் கவிழ்ந்தது. காசிமாயனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் இருளாயி என்ற பூக்காரிக்கு உயிர் போயிற்று. முப்பத்தாறு வயது. கூடையை விடாமல் பிடித்திருந்தாளாம். கூடையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். பூவைப் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடிக்கிற பழக்கம் பூக்காரிக்கு ஏது?

காசிமாயன் மீது வழக்குப் பதிவாயிற்று. அதிவேகம், அஜாக்கிரதை, அதனால் மரணம். லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். நல்லகாமன் ஸ்டேஷனில் கொடுத்த வாக்குமூலம் எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. சக்கரம் தானாகக் கழல வாய்ப்பே இல்லை, ஐந்து நட்டையும் நானே என் காலால் மிதித்தேன், சாட்சி இருக்கிறது. ஆகவே டிரைவர் பேய் வேகத்தில் வந்திருக்க வேண்டும். முதலாளியின் கால் டிரைவருக்கு எதிரான முதல் சாட்சியாக நின்றது. அந்தக் காலை யார் குறுக்கு விசாரணை செய்வது?

கவிழ்ந்த வேனை ஸ்டேஷன் வளாகத்தில் இழுத்துப் போட்டிருந்தார்கள். மறுநாள் தவசி போய்ப் பார்த்தார். ஐந்து போல்ட்டில் மூன்று அறுந்திருந்தன. அறுந்த இடத்தில் கழுத்து மெலிந்து, இழுத்த ஜவ்வுமிட்டாய் போல் இருந்தது. மீதி இரண்டும் நின்றன, நட்டுகள் மட்டும் தளர்ந்து உதிர்ந்திருந்தன. பையிலிருந்து ஒரு புது நட்டை எடுத்து, நின்ற போல்ட்டில் விரலால் திருகினார். பாதி தூரம் போய் நின்றுவிட்டது. போல்ட்டு நீண்டுவிட்டால் மரையின் இடைவெளி மாறிவிடும், நட்டு ஏறாது. இன்னொன்றிலும் திருகினார். அதே இடத்தில் நின்றது. நட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. கொட்டகையைத் திறந்தார், மூடினார். பிளக் முடுக்கினார். சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்தார். அவர் மனைவி ஒச்சாயி அதிகம் கேட்கிற ஆள் இல்லை. இருந்தும் அவர் தண்ணீர்க் குழாயைக்கூட முழுதாக மூடாமல் சொட்ட விட்டுவிட்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விபத்து நடந்த பதினோராம் நாள் காசிமாயன் ஜாமீனில் வந்து, கையைத் தூளியில் போட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். கடையில் அவனிடம் யாரும் பேசவில்லை. அவன் எழுந்து தவசியின் கொட்டகைக்கு வந்தான். கேலி செய்ய வரவில்லை. வண்டியில் வேகம் காட்டும் முள் ரொம்ப நாளாக வேலை செய்யவில்லை என்று ஆரம்பித்து, அன்று காலை எங்கே எங்கே நிறுத்தினான், எந்த இடத்தில் கியர் மாற்றினான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லி முடித்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, நான் வெரசாத்தான் வந்திருப்பேனோ?"

தவசி கையிலிருந்த பிளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாரும் சொல்றாக. சொல்லச் சொல்ல எனக்கே அப்பிடித்தான் தோணுது. மொதலாளி மிதிச்ச நட்டு எப்பிடிண்ணே கழலும்? நாந்தான் அந்தப் பொம்பளயக் கொன்னுருக்கேன்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் தவசி ஒச்சாயியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒச்சாயி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சொன்னா நாளைக்குச் சோறு போயிரும். சொல்லாட்டி இன்னைக்குச் சோறு எறங்காது. எந்தப் பட்டினின்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க" என்றாள். பிறகு, கொஞ்சம் பொறுத்து, "எறங்காத சோத்த ஆக்கி ஆக்கி எனக்கும் அலுத்துப்போச்சு" என்றாள்.

மறுநாள் அவர் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே நடந்தது தவசியின் வாழ்க்கையில் அவர் எதிர்பார்க்காத ஒன்று. யாரும் திட்டவில்லை. அடிக்கவில்லை. நம்பவில்லை, அவ்வளவுதான். அங்கிருந்த ரைட்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"லூசா விட்டுட்டேன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன். டைட்டா முடுக்கிட்டேன்னு வந்து நிக்கிறீங்களே, இதை எந்தக் குத்தத்துல எழுதறது?"

தவசி மசியைப் பற்றிச் சொன்னார். அது சிக்கலை இன்னும் பெரிதாக்கியது. கறுப்பாக எதையோ தடவியதால் சக்கரம் கழன்றது என்று ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்த செய்தி, டீக்கடைக்கு வருவதற்குள் செய்வினை மையாகவே கறுத்துவிட்டது. நல்லகாமன் நேராகக் கொட்டகைக்கு வந்தார். அவருக்கு உண்மையிலேயே வலித்திருந்தது.

"என் கால குத்தம் சொல்றியாமே?"

"ஒங்க கால இல்லண்ணே. என் வாய. காலு தூக்குனப்ப தெறந்திருக்கணும்."

நல்லகாமனுக்குப் புரியவில்லை. டிரைவரைக் காப்பாற்ற இவன் கதை கட்டுகிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். டிரைவரைத் தவசிக்குப் பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும் என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை.

வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரியை மதுரையில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். அப்போது இருந்தவர் சொக்கநாதன். சட்டைப்பையில் திருநீற்றுப் பொட்டலமும் அளவுகோலும் வைத்திருப்பவர். எதையும் அளக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். பசுபதி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, அந்த இங்கிலீஷ் சீட்டோடு தவசியுடன் அவரிடம் போனார். சொக்கநாதன் சீட்டை இரண்டு முறை படித்தார். கப்பல்காரன் எழுதியது மதுரை வேனுக்குப் பொருந்துமா என்று கேட்டார். தவசி செய்து காட்டுவதாகச் சொன்னார். ஒரே கடையில் வாங்கிய இரண்டு புதுப் போல்ட்டு, ஒரே ஸ்பேனர், ஒரே பைப். ஒன்றில் மசி, ஒன்றில் இல்லை.

"பலம் ஒரே அளவுன்னு நான் எப்படி எழுதறது? உங்க கை இன்னைக்கு ஒரு மாதிரி இழுக்கும், நாளைக்கு ஒரு மாதிரி இழுக்கும்" என்றார் சொக்கநாதன்.

யோசித்துவிட்டு அவரே வழியும் சொன்னார். நல்லகாமனைக் கூப்பிடுங்கள். மனிதனுடைய கை மாறும், எடை மாறாது.

ஆகவே ஒரு புதன்கிழமை காலை, ஒரு இரும்புப் பலகையில் இரண்டு போல்ட்டையும் பூட்டி வைத்துக்கொண்டு அவர்கள் காத்திருந்தார்கள். நல்லகாமன் வந்தார். தன் காலின் மானம் காக்கத்தான் வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கிழக்கு எது என்று பார்த்து நின்றார். முதலில் மசி தடவாதது. ஏறி மிதித்தார். பைப் கொஞ்சம் இறங்கி நின்றது. அவர் முழு எடையோடு நின்றார், அசையவில்லை. சொக்கநாதன் நட்டைக் கழற்றச் சொன்னார். கழன்றது. மறுபடி விரலால் திருகினார். போல்ட்டின் அடிவரை தடையில்லாமல் ஓடியது.

"பாத்தீகளா?" என்றார் நல்லகாமன்.

அடுத்தது மசி தடவியது. அதே கால், அதே மிதி. பைப் மெத்தென்று இறங்கியது. நல்லகாமனின் முகத்தில் அந்தப் பழைய சந்தோஷம் வரப் பார்த்து, வராமல் நின்றது. கழற்றினார்கள். சொக்கநாதன் நட்டை விரலால் திருகினார். பாதியில் நின்றது. அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தார். எழுதிக்கொண்டார். ஸ்டேஷன் வளாகத்தில் கிடக்கும் வேனின் இரண்டு போல்ட்டுகளிலும் நட்டு இதே இடத்தில் நிற்பதை அவர் முந்தின நாளே பார்த்து எழுதி வைத்திருந்தார்.

நட்டை ஸ்பேனரால் மறுபடி ஏற்றச் சொல்லிவிட்டு, "இன்னொரு தடவை மிதிங்க" என்றார்.

நல்லகாமன் மிதித்தார். படீரென்று போல்ட்டு அறுந்தது. பைப் கீழே போக, அவர் தடுமாறி விழப்போனவரைத் தவசிதான் பிடித்தார். நல்லகாமன் அறுந்த துண்டை எடுத்து, மெலிந்திருந்த கழுத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"அப்ப என் காலாடா அந்தப் பூக்காரப் பிள்ளைய..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"மிதிச்சது நீங்க. தெரியாம மிதிச்சீக. தெரிஞ்சு பிடிச்சுக்கிட்டு நின்னது நானு" என்றார் தவசி. அதையும் சொக்கநாதன் எழுதிக்கொண்டார்.

அன்று மாலையே தவசி இருளாயியின் ஊருக்குப் போனார். போக வேண்டாம், அடித்துவிடுவார்கள் என்று பசுபதி சொன்னார். போனார். இருளாயியின் கணவர் சிவனாண்டி வாசலில் பூ கட்டுகிற நாரை ஊற வைத்துக்கொண்டிருந்தார். தவசி நின்றபடியே முதலிலிருந்து சொன்னார். ஸ்கூட்டர், டப்பா, இரண்டு வாக்கியம், ஐந்து மிதி. சிவனாண்டி நாரைக் கீழே வைக்காமல் கேட்டார். முடித்ததும் சொன்னார்:

"வீடு தேடி வந்தவுகளுக்கு ஒரு செம்புத் தண்ணி குடுக்கணும். குடுக்க மாட்டேன். கோவிச்சுக்கிறாதீக."

தவசி கும்பிட்டுவிட்டு, ஆறு மைல் நடந்து திரும்பினார். வழியில் எங்கும் தண்ணீர் குடிக்கவில்லை என்று ஒச்சாயி சொல்லித்தான் தெரியும்.

காசிமாயன் மீதான வழக்கைத் திரும்பப் பெறவும், தவசி மீது புதிதாகப் போட்ட வழக்கு விசாரணைக்கு வரவும் எட்டு மாதம் ஆயிற்று. இந்த எட்டு மாதத்தில் ஊர் செய்த காரியத்தை எந்தச் சட்டப்புத்தகத்திலும் சேர்க்க முடியாது. கொட்டகைக்குக் கூட்டம் கூடியது. தவசி ஜாமீனில் இருந்தார், வரிசை ரோடு வரை நின்றது. லூசாக விட்டு மாட்டிக்கொண்ட மெக்கானிக்குகளை ஊர் கண்டிருக்கிறது. போல்ட்டே அறுந்துபோகும் அளவுக்கு முடுக்கி, அதற்காகக் கோர்ட்டுக்கே போன மெக்கானிக்கை எங்கே காண்பது? மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வண்டிகள் வந்தன. வந்தவர்கள் இறங்கியதும், "கேஸ் ஆன தவசின்னா நீங்கதானா? அதே மாதிரி முடுக்குங்கண்ணே" என்றார்கள்.

அவர் சக்கர போல்ட்டுகளைத் துணியால் துடைத்துக் காய்ந்த மரையில் முடுக்கினார். மசியைப் பிளக்கோடு நிறுத்திக்கொண்டார். யாரையும் பைப்பின்மேல் ஏறவிடவில்லை. ஏறித்தான் தீருவேன் என்ற முதலாளிகளை வண்டியோடு திருப்பி அனுப்பினார். ஒவ்வொருவரிடமும் இருளாயியின் பெயரைச் சொல்லிக் காரணம் சொன்னார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அடுத்த தெருவில் போய் மிதித்துக்கொண்டார்கள். அவர் அதையும் விடவில்லை. பின்னாலேயே போய், "வெறும் மரையா, எண்ணெ தடவுனதா" என்று கேட்டுவிட்டு வருவார். இதனால் அடுத்த தெருவிலும் பகை வந்தது.

வழக்கு நாளில் வக்கீல் அவருக்கு நல்ல வழி ஒன்று வைத்திருந்தார். சீட்டு இங்கிலீஷில் இருந்தது, தவசிக்கு இங்கிலீஷ் தெரியாது. முடிந்தது கதை. கூண்டில் ஏறியதும் தவசி, "அய்யா, பசுபதி சார் தமிழ்ல ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனாரு" என்றார். வக்கீல் வழக்குக் கட்டை மூடிவிட்டார். மூன்று மாதம் சிறை. குற்றத்தைத் தானே வந்து சொன்னதால் தண்டனை குறைக்கப்பட்டிருக்கிறது என்று தீர்ப்பில் இருந்தது. நல்லகாமனின் காலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காலுக்குத் தெரியாது என்பது நியாயமான காரணம்தான். நல்லகாமன் அன்று கோர்ட்டுக்கு வந்து, கடைசி வரிசையில் நின்றுகொண்டே இருந்தார். பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

போலீஸ்காரர் காகிதத்தில் கையெழுத்து வாங்கும்வரை தாழ்வாரத்தில் தவசியை உட்கார வைத்திருந்தார்கள். ஒச்சாயி ஒரு பக்கம் நின்றாள். காசிமாயன் வந்தான். அவனுடைய லைசென்ஸ் அவனுக்கு முந்தின வாரமே திரும்பக் கிடைத்திருந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க பேசாம இருந்திருக்கலாம்ண்ணே. ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"இருந்தேன்" என்றார் தவசி.

"எப்ப?"

"பதினோரு நாளு. நீ கையக் கட்டிக்கிட்டு வந்து, நான் வெரசா வந்தேனான்னு கேட்டியே, அன்னைக்கு வரைக்கும். நீ வரலைன்னா பன்னெண்டும் ஆயிருக்கும். பதிமூணும் ஆயிருக்கும்."

காசிமாயன் சுவரில் சாய்ந்தான். அவனுக்கு அந்தப் பதினோரு நாளும் நினைவிருந்தது. ஒவ்வொரு நாளும் தன்னைத் தானே கொலைகாரன் என்று கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கொண்ட நாட்கள். அடிக்கக் கை ஓங்குவான் என்று ஒச்சாயி ஒரு எட்டு முன்னால் வந்தாள். அவன் ஓங்கவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை.

"கொட்டாயச் சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டான்.

ஒச்சாயி முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

மூன்று மாதமும் காசிமாயன் விடியற்காலையில் வேறொருவருடைய பூ வண்டியை ஓட்டிவிட்டு, ஒன்பது மணிக்குக் கொட்டகையைத் திறந்து உட்கார்ந்தான். அவனுக்கு மெக்கானிக் வேலை தெரியாது. அவன் ஒரு ஸ்பேனரையும் தொடவில்லை. வருகிறவர்களிடம், அண்ணன் உள்ளே இருக்கிறார், இந்தத் தேதிக்கு வருவார் என்று சொல்வதற்காக மட்டும் உட்கார்ந்தான். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"நட்ட லூசா விட்டுட்டாராக்கும்?"

"இல்ல" என்று ஆரம்பித்து, மசியிலிருந்து மிதி வரை அவன் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னான். பாதிப்பேர் நம்பவில்லை. நம்பாதவர்களை அவன் போகவிடவில்லை, டீ வாங்கிக் கொடுத்து மறுபடி சொன்னான்.